கதவைத் தட்டும் பூதம்

காபி நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் சபையில் ஆராதனை முடிந்து ஊற்றித் தருவது இதில் பாதிகூட இருக்காது.

நான் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் செய்கிறவன். கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது, ஒரு சொட்டு இரத்தம் கிடையாது. இந்தக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் எங்கள் விளையாட்டு நுழையாத ஞாயிறு பள்ளி குறைவு.

கடைசியாகச் செய்தது மன்னிப்பைப் பற்றியது. ஒரு சிறுமி வீட்டுக்குள் இருக்கிறாள். முன்பு அவளுக்குத் தீங்கு செய்த பூதம் வந்து கதவைத் தட்டுகிறது. திரையில் ஒரே பொத்தான்: மன்னிக்கிறேன். அழுத்தினால் கதவு திறக்கும். பூதம் அழுதழுது மனிதனாகிவிடும். அழுத்தாவிட்டால் தட்டிக்கொண்டே இருக்கும்.

கூட வேலை செய்யும் ரெனே மட்டும் முறுக்கிக்கொண்டாள். "திறக்க மாட்டேன்னு சொல்லவும் ஒரு பொத்தான் வேணும், கெரிட். மன்னிக்கிறது வேற, வீட்டுக்குள்ள விடுறது வேற."

"ஆண்டவர் நிபந்தனை போட்டா நம்மள மன்னிச்சாரு?" என்றேன்.

"வாயால உன்னை ஜெயிக்க முடியுமா?" என்று எழுந்து போய்விட்டாள்.

வெளியிடும் முன் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தோம். யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது என் கணினியில் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் மளமளவென்று கதவைத் திறந்தார்கள். ஒருத்தி மட்டும் திறக்கவில்லை. பூதம் தட்டத் தட்ட, திரையிலிருந்த சிறுமியை அறையின் கடைசி மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்திவைத்தாள். அதைப் பார்த்து நான் அழுதேன், ஐயா. அவள் என் மகள் அன்னிகா.

வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று நீதிமன்றம் எனக்குத் தடை போட்டிருந்தது. என் மனைவி மார்லிஸின் கை முறிந்ததை எல்லோரும் பெரிதுபடுத்திவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் பிள்ளை தயங்கினால் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டோம், விளையாட்டைத்தான் திருத்துவோம். திருத்தினேன். பூதத்தின் உயரத்தைக் குறைத்தேன். அதன் கையில் ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தேன். பிரசங்கம் நீளும்போது அவள் உள்ளங்கையில் நான் வைக்கும் அதே மிட்டாய். தட்டும் ஓசையையும் மாற்றினேன். மூன்று தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வேலையிலிருந்து வந்ததும் நான் அப்படித்தான் தட்டுவேன். ஒரு நாள் அவள் திறந்தாள். பிறகு யோசிக்காமலே திறக்கத் தொடங்கினாள்.

போன சனிக்கிழமை போனேன். மூன்று தட்டு, பிறகு ஒன்று.

உள்ளே மார்லிஸின் குரல் கேட்டது. "அன்னிகா, யாரா இருந்தாலும் திறக்காத."

"பாவம்மா, வெளிய அழுதுட்டு நிக்கும்," என்றாள் என் மகள்.

கதவு திறந்தது. மிட்டாயை அவளிடம் கொடுத்து, வாசல் படியில் உட்காரச் சொன்னேன். உள்ளே போய் மார்லிஸிடம் மன்னிப்புக் கேட்டேன். பொறுமையாகத்தான் கேட்டேன், பல தடவை. அவள் மன்னிக்கவில்லை. அவளைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

அன்னிகா அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை என்கிறீர்கள். கேட்கவே மனது தாங்கவில்லை. அவளை ஒருமுறை கூட்டிவந்து இந்தக் கதவுக்கு வெளியே நிறுத்துங்கள், ஐயா. நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். உள்ளேயிருந்து நான் தட்டினால் போதும், அவள் திறந்துவிடுவாள்.