டம்ளரில் ஒரு கிள்ளு ஜாதிக்காய்

டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் காவல் நிலையத்தில் உட்கார்ந்து டீயைக் குறை சொல்லக் கூடாது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன். நேரம்தான் நெருக்குகிறது. நாளைக் காலை பதினொரு மணிக்கு அவனுக்கு ஊசி போட்டுவிடுவார்கள்.

நான் திரைச்சீலை தைப்பவன். முன்னறையில் மிஷின், பின்னறையில் படுக்கை. மனைவி ஒரு வாரத்தில் வருகிறேன் என்று அக்கா வீட்டுக்குப் போனாள். நாலு வருடம் ஆகிறது. பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்குகிற பள்ளி ஒன்று, குட்டிகளை ஒரு வருடம் வளர்த்துத் தர ஆள் தேடியது. போய் நின்றேன். எட்டு வாரக் குட்டியைக் கையில் கொடுத்தார்கள். வந்த அன்றே மிஷினுக்கு எதிரே உட்கார்ந்து, நான் தைப்பதை நெற்றியைச் சுருக்கிப் பார்த்தான். வாத்தியார் என்று பெயர் வைத்தேன். "என்ன வாத்தியாரே, இன்னைக்கு லீவா?" என்று பால்காரர் தினமும் கேட்பார். அவனும் வாலை ஆட்டிப் பதில் சொல்வான்.

சாலை ஓரம் வந்தால் நிற்க வேண்டும், சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்தது நான். ஆயிரம் முறை நின்றிருப்போம், ஒரு முறைகூட அவன் தவறியதில்லை. இதை அடிக்கோடு போட்டு எழுதுங்கள்.

வருடம் முடிந்ததும் பள்ளி அவனைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கையெழுத்துப் போட்டுத்தான் வளர்க்க வாங்கினேன், மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டபோது அது ஒரு நாய்க்குட்டி. திருப்பிக் கொடுத்தபோது என் பிள்ளை. மிஷினை மிதிக்கும்போது அவன் படுக்கும் பக்கமாக என் கால் தானாக நீளும். அங்கே வெறும் தரை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

பள்ளியில் பயிற்சி முடிந்து அவனைப் பெற்றுக்கொண்டவள் ஓர் ஆஸ்பத்திரியில் தொலைபேசி எடுக்கும் பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. தன் அண்ணனோடு இருந்தாள். தங்கமான பெண், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. வளர்த்தவர் என்று பள்ளி என் எண்ணைக் கொடுத்திருந்தது. எதற்கெடுத்தாலும் என்னைத்தான் கேட்பாள்.

"அண்ணா, சாதத்துல மஞ்சள் போட்டா அவனுக்கு ஆகுமா?"

"கொஞ்சமா போட்டா ஆகும்மா."

"சீரகம்?"

"அதுவும் ஆகும்."

"வெங்காயம்?"

"ஐயோ, அத அவன் கண்ணுலயே காட்டாதே."

எல்லாம் சரியான பதில்கள். எது ஆகும், எது ஆகாது என்று பள்ளி அச்சடித்துக் கொடுத்த தாளை மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தேன். ஜாதிக்காய் அதில் ஆகாத பக்கம், சிவப்பு எழுத்தில் இருந்தது.

ஒரு மாலை கூப்பிட்டாள். "அண்ணா, தூக்கம் வரலைன்னு நான் பால்ல ஜாதிக்காய் உரசிக் குடிக்கிறேன். இவன் மூக்க என் டம்ளர்கிட்டயே வச்சுக்கிட்டு இருக்கான். ஒரு வாய் குடுக்கலாமா?"

அப்போது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"தாராளமா குடும்மா. ஒரு கிள்ளு சேர்த்தே போடு."

நான் கெட்டவன் இல்லை. நான் நினைத்தது இவ்வளவுதான்: அவனுக்கு உடம்பு கொஞ்சம் படுத்தும். மாதம் ஒரு முறை பள்ளிக்காரர் வந்து பார்ப்பார். இந்த வீட்டில் பராமரிப்பு சரியில்லை என்று எழுதுவார். நாய் வளர்த்தவனிடமே திரும்பும். அவளுக்கு வேறு நாய் கிடைக்கும். எனக்கு வேறு வாத்தியார் கிடைப்பானா?

ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அவன் தூங்கவே மாட்டேங்கறான்ணா. வாய் காஞ்சு போயிருக்கு. நெஞ்சுல கை வச்சா படபடன்னு அடிச்சுக்குது. சுவரப் பாத்துக்கிட்டே நிக்கறான்னு அண்ணன் சொல்றாரு. ஒருவேளை ஜாதிக்காய் ஒத்துக்கலையோ?"

"புது இடம்மா, பயந்திருக்கான். அதுக்கு மருந்தே ஜாதிக்காய்தான். இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடு. நாளைக்குக் காலையிலயும் குடு."

"நீங்க சொன்னா சரிண்ணா."

அது செவ்வாய்க்கிழமை. புதன் காலை பத்து மணிக்குப் பள்ளிக்காரர் வருவதாக இருந்தது. அவர் கண்ணெதிரே அவன் கொஞ்சம் தள்ளாட வேண்டும், அதற்குத்தான் சொன்னேன். வருகிறவருக்கு பிஸ்கட் வாங்கிவர அவள் ஒன்பதரைக்கே கடைக்குக் கிளம்புவாள் என்று நான் கனவா கண்டேன்?

எதிர்ப்பக்க மருந்துக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். சாலை ஓரத்தில் அவன் நிற்கவில்லையாம். இல்லாத எதையோ பார்த்துக் குரைத்தபடி நேரே இறங்கினானாம். நாயை நம்பு, பிடியை விடாதே என்று அவளைப் பழக்கியிருந்தார்கள். அவள் விடவில்லை. பேருந்து ஓட்டியவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மூன்று நாள் இருந்தாள், தான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில். பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். "அவன் மேல தப்பில்லண்ணா. அவன ஒண்ணும் பண்ணிட வேண்டாம்னு நீங்க சொல்லுங்க" என்றாள். மறுநாள் இறந்துபோனாள். அவள் அண்ணன் என் தோளில் சாய்ந்து அழுதார். "உங்கள மாதிரி பொறுமையா யாரும் அவளுக்குப் பதில் சொன்னதில்ல" என்றார். என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் தைத்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் வாத்தியாருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதையே காரணமாக்கிவிட்டார்கள். தான் தப்பித்து ஆளைக் கொன்ற நாய் என்று பள்ளி முடிவு கட்டி, ஊசி போட்டுக் கொல்ல நாள் குறித்துவிட்டது. நேற்று பள்ளியில் அவனை அடைத்திருக்கும் கூண்டுக்கு முன்னால் போய் நின்றேன். என் கையை ஒரு முறை மோந்தான். பிறகு என்னைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நம் வீட்டுக்குப் போகலாம் என்கிறான், எனக்குப் புரியாதா?

ஐயா, காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். எழுதுங்கள். அவளைக் கொன்றது நாய் இல்லை, நான். தெரிந்தே சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்? பள்ளிக்கு இப்போதே போன் போடுங்கள், ஐந்து மணிக்கெல்லாம் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வெளியே வரும்வரை அவனை வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம். அவனுக்கு எது ஆகும், எது ஆகாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.