முன்வரிசைக் கைதட்டல்

அசையாதீங்கண்ணே, ஊசி குத்திடும். தோள்பட்டையில இந்தக் கிழிசல் மட்டும்தான். நாலு இழுப்பு இழுத்தா முடிஞ்சுது. மொதலாளி வேஷக்காரரு கிழிஞ்ச கோட்டோட மேடைக்குப் போனா, நம்மளைவிட இந்த ஆளு பாவம்னு ஜனங்க அந்தப் பக்கம் சாஞ்சிடுவாங்க.

ஐயோ, சிரிக்காதீங்க! மீசைப் பசை இன்னும் காயல. சத்தமில்லாம லேசா உதட்டை அசைங்க போதும், எனக்குப் புரியும்.

எப்படியா? தறிக்கூடத்துல எல்லாருக்குமே தெரியும்ணே. நூறு தறி ஒண்ணா ஓடறப்போ காதுகிட்ட வந்து கத்தினாலும் கேட்காது. அந்தக் கோடியில இருக்கறவ இந்தக் கோடியில இருக்கறவளை இன்னிக்கு என்ன கொழம்புன்னு கேப்பா. வாயைப் பார்த்தே பதில் சொல்லிக்குவோம். என்னைக் கட்டிக்கிறியான்னு எங்க வீட்டுக்காரரு கேட்டதே எட்டுத் தறி தள்ளி நின்னுதான். ரகசியம்னு நெனச்சாரு. கூடம் மொத்தமும் படிச்சிடுச்சு, மானம் போச்சு.

உங்க நாடகத்துல அது ஒண்ணுதான் தப்பு. தறி ஓட ஓட எல்லாரும் வசனம் பேசறாங்க. அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன். நாலாங்கிளாஸோட நின்னவ, நாடகம் எழுதின உங்ககிட்ட என்னன்னு சொல்றது? பாப்பாவைத் தூக்கிக்கிட்டு கடைசிக் காட்சியில சும்மா நிக்கிறேன்னுட்டேன்.

ஆமா, எங்க வீட்டுக்காரரு நல்லா நடிக்கிறாரு. வீட்ல தண்ணி வேணும்னாகூட வாயைத் திறக்காத மனுஷன். ஒத்திகையில தறியை நிறுத்துங்கடான்னு கத்தினப்போ பாப்பாவே மிரண்டு அழுதுட்டா.

அதோ, திரையைத் தூக்கச் சொல்லி மறுபடியும் கைதட்டறாங்க. நெஜ மொதலாளியும் தட்டினாரான்னா கேக்கறீங்க? தட்டினாரு. நீங்கதானே மில்லுக்கே போய்க் கூப்பிட்டு முன்வரிசையில உக்கார வெச்சீங்க, பார்த்தா மனசு எளகும்னு.

இடைவேளைக்குத் திரை விழறப்போ நானும் இடுக்கு வழியா பார்த்தேன். தட்டிக்கிட்டேதான் மேனேஜர் பக்கம் திரும்பினாரு. சிரிச்ச முகம்தான். மேடையில நிக்கிறவன் ஒவ்வொருத்தன் பேரையும் எழுதிக்கோ, திங்கக்கிழமை ஒருத்தனும் கேட்டுக்குள்ள வரக்கூடாதுன்னாரு. மேனேஜர் நாடக நோட்டீஸைத் திருப்பி மடியில வெச்சுக்கிட்டுப் பேனாவை எடுத்தாரு.

எந்திரிக்காதீங்கண்ணே, நூலு அறுந்துடும். மீசை விழுந்துடுச்சு பாருங்க.

இதைச் சொல்லத்தான் அப்பலருந்து ஏதேதோ பேசிக்கிட்டிருக்கேன், வாய் வரல. எங்க வீட்டுக்காரர்கிட்ட ஓடினேன். மொதலாளியே கைதட்டிட்டாருன்னு எல்லாரும் அவரைத் தோள்ல தூக்கி வெச்சுக் குதிக்கிறாங்க. அந்தக் கூச்சல்ல என் குரல் எங்க எடுபடும்? உதட்டை அசைச்சுப் பார்த்தேன். அவரு என் பக்கம் திரும்பவேயில்ல.

இதுவரைக்கும் மேடையேறினது ஆறு பேருதான். கடைசிக் காட்சிக்குத்தான் மீதி பதினாறு பேரும் கையைத் தூக்கிக்கிட்டு வரப்போறாங்க. எல்லாம் பிள்ளை குட்டிக்காரங்க. அந்தச் சுவரோரமா வரிசையா நிக்கிறாங்க பாருங்க, என்னா சந்தோஷம்...

ஆங்? நானா? இதோ வந்துட்டேன்!

அந்தப் பெட்டிமேல தூங்கறா, பாப்பாவை எடுத்துக் குடுங்க. எனக்குத்தான் கத்த வராதுண்ணே, நீங்களாச்சும் ஓடிப்போய்த் திரையைத் தூக்கறவர்கிட்ட நிறுத்துங்கன்னு...