யோகம்மாவின் இரத்தத்தை ‘இயல்பு’ என்று விட மறுத்தவருக்கு

கடமையிலே கண்டிப்பும் நோயாளரிடத்தே கனிவும் காத்தவரே, இத்துறைமுக நகரின் வைத்தியசாலை ஆய்வுகூடத்தை நெடுங்காலம் தாங்கி நின்ற வைத்திய நிபுணரே, இன்றோடு ஓய்வுபெறும் எங்கள் டொக்டர் பஹ்மியா அம்மையாரே!

உங்களை நேரே புகழ்ந்தால் கதிரையைத் தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள். ஆகவே மீதியைச் சபைக்குச் சொல்கிறோம். முன்வரிசையில் இருக்கும் அதிகாரிகளும் கேட்கட்டும்.

இதயத்தசை வருந்தும்போது இரத்தத்தில் கசியும் புரதம் ட்ரொபோனின். அது இவ்வளவுக்கு மேல் போனால் ஆபத்து என்று ஓர் எல்லை உண்டு. பெண்ணின் எல்லை ஆணுடையதில் ஏறக்குறையப் பாதி. அதை அளக்கும் புதிய இயந்திரம் வந்தபோது, பூட்டியவர்கள் இருவருக்கும் ஆணின் எல்லையையே பதித்துவிட்டுப் போனார்கள். மாற்றித் தரும்படி டொக்டர் பஹ்மியா கேட்டார். நிர்வாக அதிகாரி ஒருவர் சிரித்தார்.

“மெசினுக்கு ஆம்பிளை பொம்பிளை விளங்குமோ டொக்டர்?”

“விளங்காது. உங்களுக்கு விளங்கும் எண்டுதான் வந்தனான்.”

எல்லை மாறவில்லை.

சல்லிக் கடற்கரையில் கருவாடு காயவைக்கும் யோகம்மா அதன் பிறகு வைத்தியசாலைக்கு வந்தார். கூடை தூக்கினால் மூச்சு முட்டும், தாடை நோகும். இரத்த அறிக்கை ‘இயல்பு’ என்றது. வாயுக் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை அறிக்கைகளைப் பார்த்துக்கொண்டு வந்த டொக்டர் பஹ்மியா யோகம்மாவின் ட்ரொபோனின் எண்ணில் நின்றுவிட்டார். ஆணின் எல்லைக்கு அது கீழே, பெண்ணின் எல்லைக்கு மேலே. அந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். அவருடைய கோபம் அப்படித்தான் தொடங்கும். பிறகு ஆளனுப்பி யோகம்மாவை அழைப்பித்தார்.

“என்ர மனுசனுக்கு நெஞ்சு நொந்தா ஓட்டோ பிடிக்கினம் டொக்டர். எனக்கு நொந்தா உள்ளிப்பூடு அவிச்சுத் தருகினம்,” என்று சொல்லிக்கொண்டே யோகம்மா மறுபடி கையை நீட்டினார்.

எண் இறங்கவில்லை. டொக்டர் பஹ்மியா ‘இயல்பு’ என்ற சொல்லை வெட்டி, இதய நிபுணர் உடனே பார்க்கவேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்டார். படம்பிடித்துப் பார்த்தால் இதய நாடிகள் மூன்றில் அடைப்பு. யோகம்மாவுக்குச் சத்திரசிகிச்சை கிடைத்தது. இதோ, நடுவரிசையில் இருக்கிறார். டொக்டர் பஹ்மியாவுக்குக் கிடைத்தது, அனுமதியின்றி அறிக்கையைத் திருத்தியது ஏன் என்ற விசாரணை!

யோகம்மாவுக்கு முன்னர் ‘இயல்பு’ என்று வீட்டுக்குப் போன பெண்கள் என்ன ஆனார்கள்? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. அன்றிலிருந்து பெண்களின் அறிக்கை ஒவ்வொன்றையும் தாமே பார்த்த பின்புதான் வெளியே விட்டார். எல்லை இன்றும் மாறவில்லை. நாளை அவர் வரமாட்டார். மாலையும் பொன்னாடையும் வாங்க நேரம் கிடைத்த அதிகாரிகளுக்கு, ஓர் எண்ணை மாற்ற நேரம் கிடைக்கவில்லையா?

டொக்டர் அவர்களே, இனி உங்களோடு பேசுகிறோம். நாளை காலை முதல், பெண்களின் அறிக்கை எதிலும் இயந்திரத்தின் சொல்லை நம்பிக் கையொப்பமிட மாட்டோம். விசாரித்தால் எல்லோரும் சேர்ந்தே போய் நிற்போம்.

நோய்நொடி அணுகாமல், மனம் சலிக்காமல், நெடுநாள் இருங்கள். என்றாவது உங்கள் இரத்தம் எங்கள் மேசைக்கு வந்தால், பெண்ணின் எல்லையை வைத்தே பார்ப்போம்.

என்றும் உங்கள்
ஆய்வுகூடத்து ஊழியர் அனைவரும்
திருகோணமலை