பன்னிரண்டு அடி

ஹலோ… மாமா?… கேக்குது, கேக்குது. கத்தாதீங்க. பார்வையாளர் வரிசையில போன் பேசினா வெளிய அனுப்பிடுவாங்க… ரகசியமா பேசறீங்களா? இதுவா ரகசியம்? இங்க வராண்டாவுல போன் இல்லாமலே கேக்குது.

ஆமா, வெளியதான் நிக்கிறேன். தண்ணி டிரம் பக்கத்துல, ஃபைலோட… நம்மளுது ஏழாவது தீர்மானம். இப்ப அஞ்சாவது, தெருவிளக்கு. கூப்பிட்டா உள்ள போய் என் அறிக்கையைப் படிக்கணும். அப்புறம் கவுன்சிலருங்க கை தூக்குவாங்க. அவ்வளவுதான்… ஆமா, இருநூத்திப் பத்து வீடு கட்ட அனுமதி. உங்க தெருவுக்குப் பின்னாடியேதான்.

… எதைப் படிச்சீங்க?… ஜெராக்ஸ் குடுத்தாங்களா? எல்லாருக்குமா?… ஆமா. என் கையெழுத்துதான்.

… பதினாலாம் தேதி… ஆமா, ‘நேரில் பார்வையிட்ட நாள்’னு போட்டிருக்கும்…

… வந்தேன் மாமா… பின்பக்கமா வந்துட்டு அப்படியே… ஜீப் நின்னுட்டிருந்தது. டிரைவர் அவசரப்படுத்தினார்… சேச்சே, உங்க மேல எனக்கென்ன கோபம்?… அதுக்குள்ள அத்தைகிட்ட போன் பண்ணிச் சொல்லிட்டீங்களா?… அன்னைக்குப் பூரா ஜன்னல்கிட்டதான் இருந்தாங்களா… அழுதாங்களா?… ம்… உங்க பொண்ணு காரியத்துக்கு வந்ததுதான், எட்டு மாசம் ஆச்சு, தெரியும். தெரியும் மாமா. நானும் எண்ணிட்டுதான் இருக்கேன்… நீங்க ஏன் மன்னிப்பு கேக்கறீங்க? வேணாம்…

… என்ன பன்னெண்டு?… ஆமா, வாய்க்கால் அகலம் பன்னெண்டு அடின்னு எழுதியிருக்கேன்… இப்ப நாலு அடிதானா?… வீடு கட்டறவங்க எப்ப மண்ணைக் கொட்டினாங்க?… போன மழைக்கு முன்னாடியேவா. வேலியும் போட்டாச்சா… தண்ணி எது வரைக்கும் வந்தது?… கட்டில் கால் முங்கிடுச்சா. ஏன் எனக்குச் சொல்லல?… ஆமா. நான்தான் போனை எடுக்கல. ஆமா.

… அந்தக் கோடியில அளந்திருப்பேன்னு நீங்களே காரணம் கண்டுபிடிக்காதீங்க… எனக்காக நீங்க பேசாதீங்க மாமா.

… யார்கிட்ட சொன்னீங்க?… தெரு முழுக்கவா?… ‘எங்க மாப்பிள்ளைதான் எழுதறார், ஒரு அங்குலம் மாறாது’ன்னு… அதனாலதான் வக்கீல் வெக்கலையா? தையல்காரர், மூணாவது வீட்டு நர்ஸம்மா, எல்லாரும் உங்க பேச்சை நம்பி… உங்ககூடத்தான் உக்காந்திருக்காங்களா? எத்தனை பேர்?… நான் உள்ள வந்தா கைதட்டப் போறாங்களா? ஐயோ, வேணாம். வேணாம்னு சொல்லுங்க.

மாமா.

மாமா, ஒரு நிமிஷம் பேசாம இருங்க.

நான் வரல.

… பதினாலாம் தேதி. வரல. ஜீப்பும் இல்ல, டிரைவரும் இல்ல… கிளம்பினேன். பஸ் ஏறினேன். உங்க ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்ல, அந்த பேக்கரிகிட்ட, இறங்கிட்டேன். எதிர்ப்பக்கம் போய் நின்னு அடுத்த பஸ்ல திரும்பிட்டேன்.

… அந்தப் பன்னெண்டு அடி ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. தூர் வாரும்போது அளந்தது. ஹெல்பர் லீவு. அவ அப்ப உங்க வீட்டுக்கு வந்திருந்தா இல்ல? டேப்போட அந்த முனையை அவதான் பிடிச்சா. ஒரு கையில செருப்பு. ‘இன்னும் தள்ளிப் போகவா சார்’னு கேட்டுக்கிட்டு… ஆமா. மாடியிலேர்ந்து நீங்கதான் சிரிச்சீங்க.

பழைய ஃபைலை எடுத்தேன். அந்தப் பக்கத்தை அப்படியே எழுதினேன். தேதியை மட்டும் மாத்தினேன். சரியாத்தான் இருக்கும்னு நினைச்சு… இல்ல. அப்படிக்கூட நினைக்கல. எதுவுமே நினைக்கல. கையெழுத்துப் போட்டேன்.

… என் வேலை என்ன ஆகும்னா கேக்கறீங்க?

… ம்… தெரியல. சஸ்பெண்ட் பண்ணலாம். விசாரணை வரும்… இல்ல மாமா, ‘இப்ப விட்டுடு, அப்புறம் மனு குடுத்துக்கலாம்’னா நடக்காது. இன்னைக்குக் கை தூக்கிட்டா வாய்க்கால் மேலயே காம்பவுண்டு வந்துடும். அடுத்த மழைக்குக் கட்டில் கால் முங்காது, கட்டிலே மிதக்கும்… என் வேலையைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. நீங்க கவலைப்படறதுதான் தாங்க முடியல. திட்டிடுங்களேன் மாமா. ரெண்டு வார்த்தை… ஏன் திட்ட மாட்டேங்கறீங்க?

… ஆறாவது ஆரம்பிச்சாச்சா?… மார்க்கெட் பாத்ரூம். அது சீக்கிரம் முடிஞ்சுடும், யாரும் எதிர்க்க மாட்டாங்க.

… அத்தைகிட்ட இதைச் சொல்லாதீங்க… இல்ல. சொல்லிடுங்க. தெரு வரைக்கும் வந்துட்டு வீட்டுக்கு வராம போகலன்னு சொல்லுங்க. அவங்க ஜன்னலைத் தாண்டிப் போகலன்னு. அதையாவது.

… என்ன?… திரும்ப அளக்கவா? டேப்போட அந்த முனையை யாரு பிடிப்பாங்க, நீங்களா? இந்த முட்டியை வெச்சுக்கிட்டா வாய்க்கால்ல இறங்கப் போறீங்க?… அது அப்புறம் பாக்கலாம்… சரி. நாளைக்குன்னா நாளைக்கு. முதல்ல இது முடியட்டும்.

… கூப்பிடறாங்க. ஏழு… மாமா, ஒண்ணே ஒண்ணு. நான் பேசும்போது என்னைப் பாக்காதீங்க. கையில இருக்கற ஜெராக்ஸைப் பாருங்க. நர்ஸம்மாவையும் பாக்க வேணாம்னு சொல்லுங்க…

இதோ வந்துட்டேன் சார்… இல்ல சார், படிக்கப் போறதில்ல. ஃபைலை நீங்களே வெச்சுக்குங்க.

… தெரியுது மாமா. மூணாவது வரிசை. கையை இறக்குங்க… ஏன் எந்திரிச்சு நிக்கறீங்க? எல்லாரும் பாக்கறாங்க… கையை இறக்குங்க மாமா. உக்காருங்க…