உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்

– கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்கம்மா. கழுத்துல இருக்கறது போட்டோவுல சரியா விழல.

– ஜன்னலைச் சாத்திட்டு எடுங்களேன், வக்கீலம்மா.

– சாத்தினா இருட்டா இருக்குமே. வராண்டாவுல போறவங்க யாரும் இங்க எட்டிப் பாக்க மாட்டாங்க. குடும்பக் கோர்ட்டுக்கு வர்றவங்களுக்கு அவங்கவங்க பாடே பெரும்பாடு.

– இருந்தாலும் சாத்திடுங்க. லைட்டைப் போட்டுக்கலாம்.

– சரி, சாத்தியாச்சு. மேல சொல்லுங்க. எதுக்குக் கழுத்தைப் பிடிச்சாரு?

– சட்டைக் காலர்ல ஒரு மடிப்பு விழுந்துருச்சுங்க. இஸ்திரி போடும்போது நான் கவனிக்கல.

– எப்ப?

– முந்தாநாள் காலையில. வேலைக்குக் கிளம்பற அவசரம் அவருக்கு.

– மூச்சு நின்ன மாதிரி இருந்துச்சா? கண்ணு இருட்டுச்சா?

– இருட்டுச்சுங்க. தெளிஞ்சு பாத்தா தரையில கிடக்கேன். அப்புறம் எந்திரிச்சு வேற சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுத்தேன். மாட்டிக்கிட்டுப் போனாரு. அவ்வளவுதாங்க.

– இவ்வளவு சாதாரணமா சொல்றீங்களேம்மா.

– வேற எப்படிங்க சொல்லணும்?

– இல்ல, இப்படியே சொல்லுங்க. ஜட்ஜம்மாகிட்டயும் இப்படியே. அழுகை வந்தா அழுங்க, வரலன்னா வேணாம். கழுத்துல கை வெச்சவன் அடுத்த தடவை எங்க நிறுத்துவான்னு சொல்ல முடியாது. அதனால இன்னைக்கே அவசர உத்தரவு கேக்கப் போறோம். அவரு உங்களைத் தொடக்கூடாது, கிட்ட வரக்கூடாது, போன் பண்ணக்கூடாது. வீட்டை விட்டு அவருதான் போகணும், நீங்க இல்ல.

– அவரைக் கூப்பிட்டு விசாரிக்காமலே குடுப்பாங்களா?

– உயிருக்கு ஆபத்துன்னா குடுப்பாங்க. அவரு சொல்றதை அப்புறம் கேப்பாங்க. ஏம்மா, முன்னாடியே யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?

– அக்காகிட்ட சொன்னேங்க. ‘அவரா? பச்சப்புள்ள மாதிரி பேசுற மனுசனாச்சே, நீ என்ன வாய் விட்ட?’ன்னா. அதோட விட்டுட்டேன்.

– சரி. ஜட்ஜம்மா கையெழுத்துப் போட்டதும் கோர்ட் உத்தரவெல்லாம் கொண்டுபோய்க் குடுக்கற அமீனா அதைக் கொண்டுபோய் அவர் கையிலயே குடுத்துடுவாரு. அதைப் பத்திக் கவலையே படாதீங்க. எங்க அமீனா தங்கமான மனுசன். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. இங்க அழுதுக்கிட்டு நிக்கற பொண்ணுங்களுக்கெல்லாம் தண்ணி கொண்டாந்து குடுப்பாரு. எத்தனையோ முரடனுங்களை நயமாப் பேசியே வாங்க வெச்சிருக்காரு.

– தெரியுங்க.

– தெரியுமா? எப்படி?

– அவரு சட்டைக்குத்தாங்க நான் இஸ்திரி போடறேன்.

– என்னம்மா சொல்றீங்க?

– உங்க அமீனாதாங்க எங்க வீட்டுக்காரரு.

– அவரா?

– பாத்தீங்களா. எங்க அக்காவும் இதே மாதிரிதான் கேட்டா.

– மன்னிச்சுக்கங்கம்மா. என்னையும் மீறி வந்துருச்சு.

– பரவால்லீங்க. நீங்க தினம் அவரு முகத்தைப் பாக்கறவங்க. நான் போயிடட்டுமா?

– உக்காருங்க. போறதுக்கா வந்தீங்க? அவரு இப்ப எங்க?

– பக்கத்து ஊர்ல நோட்டீஸ் குடுக்கணும்னு பையைத் தூக்கிக்கிட்டுப் போனாரு. மத்தியானத்துக்கு மேலதான் இங்க வருவாரு. அதான் இந்த நேரம் பாத்து வந்தேன்.

– அப்ப அதுக்குள்ள முடிக்கணும். வாங்க, பின்பக்கப் படி வழியா போயிடலாம். கோர்ட் ஹால் வேணாம். ஜட்ஜம்மா அறையிலயே வெச்சுக் கேக்கச் சொல்றேன்.

– அவங்களும் ‘அவரா’ன்னு கேட்டா?

– கேக்கட்டும். வாயைத் திறக்காதீங்க. முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டுங்க.

*

– உத்தரவைப் படிச்சுப் பாத்தீங்களா?

– பாத்தேங்க. முத்திரை மை இன்னும் காயல.

– உங்க காப்பியைப் பத்திரமா வெச்சுக்கங்க. வாசல்ல பொம்பளை போலீஸ் ஒருத்தங்க நிக்கறாங்க, வீடு வரைக்கும் கூட வருவாங்க. பூட்டு மாத்தறவருக்கும் சொல்லியாச்சு. அவரு துணிமணியை ஒரு பெட்டியில போட்டு அந்தப் போலீஸம்மாகிட்ட குடுத்துடுங்க.

– சட்டையெல்லாம் கொடியில ஈரமா கிடக்குதுங்க.

– ஈரத்தோட சுருட்டி வைங்க.

– மடிக்கக்கூட வேணாங்கறீங்க.

– நான் அப்படிச் சொல்லல. ஜட்ஜம்மா உத்தரவுலயும் அப்படி ஒன்னும் இல்ல. உங்க இஷ்டம்.

– சரிங்க. ஆனா இதை அவர்கிட்ட யாருங்க குடுப்பாங்க?

– அது என் பாடு. நானே குடுக்கறேன்னு ஜட்ஜம்மாகிட்டயும் கேட்டுக்கிட்டேன். நீங்க கிளம்புங்க, அவரு வர்ற நேரம் ஆச்சு.

*

– வணக்கம் வக்கீல் மேடம், மேல வரச் சொன்னீங்களாமே. அட, இன்ஸ்பெக்டர் சாரும் இருக்கீங்களா! வணக்கம் சார். வெளிய வெயில் மண்டையைப் பொளக்குது. இன்னைக்கு ஏதோ அவசரமா குடுக்க வேண்டியது இருக்குன்னாங்க?

– ஆமா, இருக்கு.

– எந்த வீட்டுப் பொண்ணோ, பாவம். கொண்டாங்க மேடம், பக்குவமாப் பேசிக் குடுத்துட்டு வந்துடறேன். ஆளு முரடனா?

– பாத்தா தெரியாது.

– அந்த மாதிரி ஆளுங்களைத்தான் மேடம் நம்பவே கூடாது. எந்தத் தெரு?

– தெருவுக்கெல்லாம் போக வேணாம். இங்கயே குடுத்துடலாம்.

– இங்கயே வந்துட்டானா? எங்க நிக்கறான்?

– வாங்கினதுக்குக் கையெழுத்து கீழ போடணும். மேல இருக்கற பேரை நீங்களே படிங்க, அமீனா சார்.