திரும்பி வரும் படகையும் சொன்னவர்

மேடையில் வீற்றிருக்கும் சமூக நலத்துறை அதிகாரி அவர்களே! தீவு தீவாக மருந்துப் பெட்டியைச் சுமந்து போகும் செவிலியர் அவர்களே! நாற்காலி போட்டு உட்கார வைத்தாலும் படகின் மீதே கண்ணாக இருக்கும் படகோட்டி அண்ணன் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, மகளே! பெஞ்சுகள் போதாமல் டிக்கெட் வரிசைக் கம்பிகளில் சாய்ந்து நிற்கும் உறவுகளே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்ல. இந்தப் படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவன். "எந்தத் தீவு? எத்தனை பேர்? சில்லறையாக் குடுங்க!" இதை வைத்தே இத்தனை வருடங்களை ஓட்டிவிட்டவன். என் கையில் மைக்கையும் கொடுத்துவிட்டு, "சுருக்கமாப் பேசுங்க" என்று காதிலும் ஓதியிருக்கிறார்கள். பார்க்கலாம்.

அங்கே, மூடிக் கிடக்கும் ஜன்னல் பக்கத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தம்பி! இங்கே பெஞ்சில் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள். வேண்டாமா? சரி, உங்கள் விருப்பம்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? துறையின் பதிவில் அவர் சமூக நலத் தகவல் அலுவலர். அந்தப் பதவிப் பெயரைச் சொல்லி இந்தப் படகுத்துறையில் விசாரித்திருந்தால் ஒருவருக்கும் ஆளைத் தெரிந்திருக்காது. நமக்கு அவர் ஜன்னல் அக்கா! பெரியவருக்கும் அக்கா, சின்னவருக்கும் அக்கா. என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் வந்த முதல் வாரத்திலேயே என் வாயிலிருந்தும் "அக்கா" வந்துவிட்டது. அவர் ஜன்னலுக்கும் என் ஜன்னலுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். அவர் பேசுவது எனக்குக் கேட்கும். நான் முணுமுணுப்பது அவருக்குக் கேட்கும். "அண்ணே, அந்தப் பெரியம்மா மேல ஏன் எரிஞ்சு விழறீங்க? காது கேக்கலைன்னா திருப்பிச் சொல்லுங்களேன்" என்று தடுப்புக்கு அப்பாலிருந்து அதட்டல் வரும். நானும் மறுபேச்சில்லாமல் திருப்பிச் சொல்வேன்.

அந்த ஜன்னலில் என்னவெல்லாம் கேட்டார்கள்! பேச்சு வராத குழந்தைக்குப் பயிற்சி எங்கே கொடுக்கிறார்கள்? படுக்கையில் விழுந்துவிட்ட அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்குமா? குடியை விட வேண்டும் என்று துடிக்கிறவன் யாரிடம் போவது? நகரத்தில் இருப்பவனுக்கு இதெல்லாம் தெருமுனைக் கேள்வி. ஒரு தீவில் வீடு, இன்னொரு தீவில் மருத்துவர், மூன்றாவது தீவில் கையெழுத்துப் போடுபவர் என்று வாழும் நமக்கு? நமக்கு ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் கடல் கிடக்கிறது!

அக்காவை இங்கே அனுப்பும்போது துறை அவரிடம் ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பியது. எந்தச் சேவை எந்தத் தீவில், எந்தக் கட்டடத்தில் என்று எல்லா விலாசமும் அதில் இருந்தது. கேட்டவருக்கு எடுத்துச் சொல்வதுதான் அவர் வேலை. அவரும் சொன்னார். வலைக் கூடத்தில் மீன்வலை பின்னும் ஓர் அம்மா வந்தார். கணவருக்குப் பக்கவாதம், ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கை கால் பயிற்சி எங்கே என்று கேட்டார். கலங்கரை விளக்கு இருக்கும் தீவில் என்று அக்கா சொல்லி அனுப்பினார். அந்த அம்மாவும் கணவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார். பயிற்சி கொடுப்பவர் அங்கே மத்தியானத்துக்கு மேல்தான் வருவார். அவர் வந்து, பார்த்து, முடித்து அனுப்புவதற்குள் அன்றைய கடைசிப் படகு போய்விட்டது! நடக்க முடியாத மனிதரோடு அந்த அம்மா, அங்கே மீனுக்கு ஐஸ் வைக்கும் கொட்டகையில் மறுநாள் வரை உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்ததும் நேரே ஜன்னலுக்குத்தான் வந்தார். சண்டை போடவில்லை. "புத்தகத்துல எல்லாம் சரியாத்தான்மா இருக்கு. வீட்டுக்கு எப்படி வர்றதுன்னுதான் அதுல போடல" என்றார்.

இந்தப் பக்கம் இருந்த எனக்கே சுருக்கென்றது. அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்?

மறுநாள் காலையில் அவர் ஜன்னலைத் திறக்கவில்லை. என்னிடம் வந்து டிக்கெட் கேட்டார். எந்தத் தீவு என்றேன். "எல்லாத் தீவும்" என்றார்! புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு தீவாக இறங்கினார், ஒவ்வொரு கதவாகத் தட்டினார். அக்கா சுற்றுலா கிளம்பிவிட்டார் என்று இந்தக் கூடத்தில் நாங்கள் கேலி பேசிச் சிரித்தோம். திரும்பி வந்து அவர் சொன்னதைக் கேட்ட பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முதியோர் பகல் இல்லம் என்று புத்தகம் சொன்ன இடத்தில் பூட்டிய கதவு. வராந்தாவில் ஆடுகள் குடியிருந்தன. சக்கர நாற்காலியும் வாக்கரும் கொடுக்கும் அலுவலகம் எங்கே இருந்தது தெரியுமா? அதே கலங்கரை விளக்குத் தீவில், ஒரு மாடியில்! நடக்க முடியாது என்று நிரூபிக்க முதலில் படியேறிக் காட்ட வேண்டும்!

அதற்கு அக்கா என்ன செய்தார்? மனு கொடுத்தாரா? மறியல் செய்தாரா? கால் இழந்த ஒரு பெரியவரோடு போய், அந்த மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார். மேலேயிருந்து அலுவலர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, மேல வாங்க" என்றார். "இவரால ஏற முடிஞ்சா நான் ஏன் சார் இவரை இங்க கூட்டிட்டு வரப் போறேன்? நீங்க இறங்கி வாங்க. நாங்க இங்கதான் இருப்போம், ஒண்ணும் அவசரமில்ல" என்றார் அக்கா. அலுவலர் கொஞ்ச நேரம் மேலே இருந்து பார்த்தார். அப்புறம் இறங்கி வந்தார். அன்று படிக்கட்டின் கீழே அவர் போட்ட மேசை இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம். இடத்தை மட்டும் சொல்லி யாரையும் அனுப்ப மாட்டார். அங்கே ஆள் இருக்கிறாரா என்று போன் போட்டுக் கேட்பார். ஏறும் படகைச் சொல்வார். பிறகு, எழுந்து போகப் பார்க்கிறவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, "திரும்பி வர்ற படகு எது? சொல்லுங்க பாப்போம்" என்று பாடம் ஒப்பிக்க வைப்பார். ஒப்பித்தால்தான் விடுவார். நானே ஒருமுறை என் மூட்டு வலிக்காக ஒப்பித்திருக்கிறேன், தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் தீவுகளில் ஒருவர் தும்மினால் அடுத்த தீவில் நலம் விசாரிப்பார்கள். இங்கே எந்தப் பெண்ணாவது, வீட்டில் அடி தாங்கவில்லை என்று ஆலோசகரைத் தேடிப் போக முடியுமா? ஆலோசகர் இருக்கும் தீவின் படகுத்துறையில் கால் வைத்தாலே, யார் இறங்கினார், யார் வீட்டுக்குப் போனார் என்று படகு முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு பெண் இங்கே அடிக்கடி வருவார். படகு நேரம் கேட்பார். எந்தப் படகிலும் ஏற மாட்டார். எனக்கு எரிச்சல், "ஏறலைன்னா எதுக்கும்மா கேக்குறே?" என்று கத்தியும்விட்டேன். அன்று மாலை அக்கா என்னிடம் சொன்னார்: "அண்ணே, அந்தப் பொண்ணு படகைக் கேக்க வரல. வேற என்னமோ கேக்கணும், வாய் வரல."

மறுவாரம் என் பின்னறை பறிபோனது. டிக்கெட் கட்டுகளை அடுக்கி, மத்தியானம் நான் கொஞ்சம் காலை நீட்டும் அறை! "ஆலோசகர் அம்மா வாரம் ஒருநாள் இங்க வந்து உக்காரட்டும் அண்ணே. டிக்கெட் வாங்க வர்ற மாதிரி வந்தா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். அக்கா என் தலையணையை எடுத்து என் மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த அறைக்குள் போனவர்கள் இன்றைக்கும் இந்தக் கூடத்தில் இருக்கலாம். தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். அக்காவுக்குப் பிடிக்காது. அந்த அறை எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. கிடைக்கவும் வேண்டாம்.

உறவுகளே! கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் அவர் மாறவில்லை. பக்கத்தில் இருந்த மகளே இதை என்னிடம் சொன்னார். கண் திறந்து மகளைப் பார்த்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "எந்தப் படகுலடி திரும்பிப் போறே?" மகள், "போகலம்மா, உன்கூடத்தான் இருக்கேன்" என்றிருக்கிறார். "இருக்கறதுன்னா இரு. ஆனா படகைக் கேட்டு வச்சுக்கோ" என்றாராம். அதற்கு மேல் அவர் அதிகம் பேசவில்லை. அழுது முடிக்க நாம் இங்கே வரவில்லை.

ஏன் வந்தோம்? திரும்பி அந்த ஜன்னலைப் பாருங்கள். ஷட்டரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. இந்தச் சேவை இனி தொலைபேசி வழியாக மட்டும் கிடைக்கும், ஜன்னல் இந்த மாத இறுதியோடு முடிகிறது என்று போட்டிருக்கிறது. அதிகாரி ஐயா, உங்கள் மீது எனக்குக் கோபமில்லை. நீங்கள் இங்கே புதியவர். தொலைபேசியும் நல்லதுதான். ஒட்டிய அன்றைக்கே நானும் அந்த எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றை அழுத்து என்றது, அழுத்தினேன். நான்கை அழுத்து என்றது, அழுத்தினேன். பாட்டுப் போட்டது, கேட்டேன். கடைசியில் ஒரு பெண் குரல், மரியாதையான குரல், குறை சொல்ல மாட்டேன். மூட்டு வைத்தியத்துக்கு எங்கே போவது என்றேன். "பக்கம்தான் சார். உங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா பதினஞ்சு நிமிஷம்" என்றது!

பஸ்! சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண் என்ன செய்வார், பாவம்? அவர் முன்னால் இருக்கும் கணினியில் நம் கடல் நீல வண்ணத்தில் சின்னதாகத் தெரியும். வலைக் கூடத்து அம்மா கடைசிப் படகை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாரே, அந்த ஐஸ் கொட்டகை அதில் தெரியுமா? அந்த ஜன்னல் மூடினால் நாளைக்கு அங்கே உட்காரப் போவது யார்? உங்கள் அப்பாவா? என் மனைவியா?

ஆகவே அதிகாரி ஐயா, மன்னிக்க வேண்டும், நான் அனுமதி கேட்கவில்லை. தெரிவிக்கிறேன். நாளைக் காலையில் அந்தப் பலகைத் தடுப்பைக் கழற்றுகிறோம். ஆணி எல்லாம் துருப்பிடித்துத் தயாராகத்தான் இருக்கிறது. டிக்கெட் கொடுத்துக்கொண்டே இரண்டு ஜன்னலையும் நான் பார்ப்பேன். தீவுகளுக்குப் போகாத நாளில் செவிலியர் அம்மா வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த அலுவலகத்தில் ஆள் இருக்கிறார், எதில் பூட்டுத் தொங்குகிறது என்று படகோட்டி அண்ணன் ஒவ்வொரு நடையிலும் பார்த்து வந்து சொல்வார். வலைக் கூடத்து அம்மா, எழுந்து நில்லுங்கள்! அந்தப் புத்தகத்தில் இல்லாததையெல்லாம் வருகிறவர்களுக்குச் சொல்லத் தானும் வருவதாக இவர் நேற்றே வந்து சொன்னார். உங்கள் துறை ஒரு நாற்காலி கொடுத்தால் நன்றி. கொடுக்காவிட்டால் என் நாற்காலி இருக்கிறது. ஒரு ஆளைக் கொடுத்தால் காலில் விழுந்து கும்பிடுவேன், என் மூட்டு ஒத்துழைத்தால்! ஆனால் அந்த ஜன்னல் மூடாது. மூட விட மாட்டோம்!

கைதட்டாதீர்கள், கைதட்டாதீர்கள். இது இரங்கல் கூட்டம்.

அங்கே... தம்பி, இன்னும் நின்றுகொண்டே இருக்கிறீர்களே? அஞ்சலி செலுத்தத்தானே வந்தீர்கள்? என்ன? சத்தமாகச் சொல்லுங்கள், மைக் இரைகிறது. "அம்மாவோட வாக்கர் கால் உடைஞ்சு போச்சு, அவங்க எழுந்திரிக்க முடியாம கெடக்கறாங்க. அக்காகிட்ட கேக்கலாம்னு வந்தேன். இங்க வந்துதான் விஷயமே தெரிஞ்சுது. கூட்டம் முடியட்டும்னு நிக்கறேன்" என்கிறார்.

கேட்டீர்களா? கூட்டம் முடியட்டும் என்று நிற்கிறாராம்! அக்கா இருந்திருந்தால் என்னை இந்த மைக்கோடு சேர்த்துத் திட்டியிருப்பார்.

படகோட்டி அண்ணே, எழுந்திருங்கள், மாலை பிறகு போடலாம். விளக்குத் தீவுக்கு அடுத்த நடை எப்போது? இப்போதே எடுக்க வேண்டியதா? அப்புறம் ஏன் அண்ணே மேடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்! செவிலியர் அம்மா, அந்த மேசைக்குப் போன் போட்டு ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருக்கிறாரா? நல்லது. தம்பி, மாடி ஏற வேண்டாம், படிக்கட்டின் கீழேயே மேசை இருக்கிறது. அதிகாரி ஐயா, அது உங்கள் துறையின் அலுவலகம்தான். நீங்களும் ஒருமுறை... ஐயா எழுந்துவிட்டாரே! வழி விடுங்கள், வழி விடுங்கள். வாக்கரை ஐயா கையில் கொடுங்கள் தம்பி, அவர் பிடித்துக்கொள்வார்.

என் உரையை முடித்துக்கொள்கிறேன். முடிக்க நான் எழுதி வைத்திருந்தது வேறு. பரவாயில்லை.

தம்பி, ஒரு நிமிடம், ஓடாதீர்கள்! அங்கிருந்து திரும்பி வர்ற படகு நாலு மணிக்கு. எத்தனை மணிக்கு? சொல்லுங்க பாப்போம். ஐயா, நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள்.

நாலு மணிக்கு. சரி, போய்ட்டு வாங்க. நான் ஜன்னல்லதான் இருப்பேன்.