சர்க்கரை போடாத காபி

கறுப்புக் காபியில் ஒரு வசதி, அதை யாரும் ருசிக்காகக் குடிப்பதில்லை. எங்கள் டாக்டரும் அப்படித்தான். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், சூடாக இருந்தால் போதும். சாயங்காலம் கிளினிக் திறந்ததும் ஒரு கோப்பை. கசக்கிறது என்று ஒருநாளும் அவர் முகம் சுளித்ததில்லை. கசக்க வேண்டும் என்றுதானே குடிக்கிறார்.

அதைப் போட்டுக் கொடுப்பவன் நான். சம்பளம் அதற்கு இல்லை, டோக்கன் கூப்பிடுவதற்கு. மனநல டாக்டரைப் பார்க்க வருகிறவர்களை நாலு பேர் நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது டாக்டரின் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. அதனால் எங்கள் வரவேற்பறையில் மனிதர்களே கிடையாது, எண்கள் மட்டும்தான். "பதினாலு, உள்ள போங்க. இருபத்திரண்டு, கொஞ்சம் இருங்க." எங்கள் எதிர்வீட்டுக்காரரே ஒருமுறை வந்தார். நான் அவரை ஒன்பது என்று கூப்பிட்டேன். இன்றுவரை எனக்கு அவர் ஒன்பதுதான்.

எனக்கு மட்டும் எண் கிடையாது. நானும் டாக்டரின் நோயாளிதான் சார். கல்லூரியில் கடைசி வருடம் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அம்மா பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் மாத்திரை கொடுத்தார், நான் எழுந்தேன். எழுந்தவனுக்கு வேலையும் கொடுத்தார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நன்றி கெட்டவன் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.

சிகிச்சை, இரண்டு நோயாளிகளுக்கு நடுவில், பாதி திறந்த கதவருகே நடக்கும். "சாப்பிடுறியா? தூங்குறியா? சரி, அடுத்தவங்கள அனுப்பு." அவ்வளவுதான். இலவசமாகக் கிடைப்பதில் குறை சொல்வது மரியாதை இல்லை.

டாக்டரின் குரலை நான் அச்சு அசலாகப் பேசுவேன். பேச ஆரம்பிக்கும் முன் தொண்டையைச் செருமுவதைக்கூட விடமாட்டேன். ரிசப்ஷன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் போய்விடுவார். "டேய், அவர் காதுல விழுந்தா உனக்கும் சீட்டு கிழியும், எனக்கும் கிழியும்."

பிறகு அப்பா இறந்துபோனார்.

எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. அப்பா என் செருப்பைத் தைத்துக் கொடுத்தது, ஆஸ்பத்திரியில் கடைசியாக என் விரலைப் பிடித்தது எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். நெஞ்சுவரை வந்தது. அதற்கு மேலே யாரோ குழாயை மூடி வைத்திருந்தார்கள். சுடுகாட்டு வண்டி வர வேண்டிய நேரம் ஆயிற்றே என்று கடிகாரத்தைப் பார்த்தேன். அத்தை அதைப் பார்த்துவிட்டார். "அப்பன் போயிருக்கான், இவன் டைம் பாக்கிறான் பாரு."

ஒரு வாரம் கழித்து, அம்மா துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "உனக்கு வருத்தமே இல்லையாடா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகக் காட்ட என்னிடம் ஒரு சொட்டுகூட இல்லை சார். அதற்குப் பிறகு அம்மா எனக்குச் சாப்பாடு போட்டார், துணி துவைத்தார், எல்லாம் செய்தார். வீட்டில் தங்கியிருக்கும் வெளியாளுக்குச் செய்வதுபோலச் செய்தார்.

நான் டாக்டரிடம் போனேன். "மாத்திரைய நிறுத்திக்கிறேன் சார். அழவே முடியல."

"அழ முடியலைங்கறது ஒரு வியாதியா? அழுகைய நிறுத்துங்கன்னு எத்தனை பேர் வர்றாங்க, வெளிய உக்காந்து நீயே பாக்கிறியே."

"அவங்களுக்கு நிறுத்தணும். எனக்கு வரணும்."

"இப்ப வேண்டாம்டா. அப்பா போன நேரம். இப்ப நிறுத்தினா மறுபடி படுத்துருவ. ஆறு மாசம் போகட்டும், மெல்லக் குறைக்கலாம்."

நியாயமான பேச்சுதான். அந்த ஆறு மாதமும் நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

நானே நிறுத்தினேன். சில நாட்களில் புதிதாக ஒன்று வந்தது. கண்ணைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பினால் மண்டைக்குள் சின்னதாக ஒரு ஷாக். லூசான பிளக்கில் விரல் பட்டதுபோல. அந்த நொடி எதிரில் இருப்பது காணாமல் போய்த் திரும்பி வரும். பழைய நோய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதோடு குடித்தனம் நடத்தியவன் நான். இது அது இல்லை. டாக்டரிடம் சொன்னேன்.

"பாத்தியா? பழைய வியாதி தலை தூக்குது."

"இது வேற சார். மாத்திரைய நிறுத்தினதால வருது."

"டாக்டர் நீயா, நானா?" தொண்டையைச் செருமினார். "எல்லாம் மனசு. மனசக் கொஞ்சம் தைரியமா வெச்சுக்க. இந்த மாத்திரைய நானே தினம் போட்டுட்டு, நாளைக்கே நிறுத்தினாக்கூட எனக்கு ஒண்ணும் ஆகாது. போ, ஒழுங்கா மறுபடி ஆரம்பி."

கதவு திறந்துதான் இருந்தது. ரிசப்ஷன் அக்காவும் கேட்டார், நீங்கள் விசாரிக்கலாம். நான் அதை அவருடைய சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கெல்லாம் கையெழுத்து வாங்குவார்களாம். நாங்கள் சின்ன கிளினிக்.

அன்றிலிருந்து அவர் சொன்ன பேச்சை நான் கேட்டேன். டாக்டர் கொடுத்த மாத்திரை ஒருநாள் விடாமல் தீர்ந்தது. என் வாய்க்குள் போகவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஷாக் நிற்க வெகுநாள் ஆயிற்று. கண்ணை மட்டும் திருப்பாமல் கழுத்தோடு சேர்த்துத் திருப்பினால் கொஞ்சம் குறைகிறது என்று கண்டுபிடித்தேன். மேஜை விசிறி மாதிரி. அந்த நாட்களில் என் வண்டியை எடுக்கவில்லை, பஸ்ஸில்தான் வந்துபோனேன். திருப்பத்தில் வலதுபக்கம் பார்த்தால் சாலையே ஒரு நொடி இல்லாமல் போகிறது, எப்படி ஓட்டுவது?

டாக்டரோ நாளுக்கு நாள் நல்லவராகிக்கொண்டிருந்தார். ரிசப்ஷன் அக்காவே பயந்தார். "அரை மணி நேரம் லேட்டா வந்திருக்கேன், ஒரு வார்த்தை திட்டலடா. சாருக்கு உடம்புக்கு ஏதாச்சுமா?" அடிக்கடி கொட்டாவி விட்டார். நோயாளி கதறும்போது தலையைச் சாய்த்து, மழையை ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய ஒரே மகள் மேல்படிப்புக்கு வெளிநாடு போனாள். வழியனுப்பிவிட்டு நேராகக் கிளினிக்குக்கு வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "அழுவேன்னு கைக்குட்டை ரெண்டு எடுத்துட்டுப் போனேன்டா. வரவே இல்ல. பாப்பா என்னையே பாத்துக்கிட்டு நின்னா."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. உலகத்தில் என்னைப்போல இன்னொரு ஆள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சோதனையில் பாதிதானே முடிந்திருந்தது? மறுநாள் காபியை வெறும் காபியாகக் கொடுத்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் அவர் கழுத்தோடு திரும்ப ஆரம்பித்தார். மேஜை விசிறி. காது டாக்டரைப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், ஒன்றும் இல்லை என்றார்கள். அவருடைய நண்பரான இன்னொரு டாக்டர், டென்ஷனாக இருக்கும், கொஞ்ச நாள் ஓய்வெடு என்று போனில் சொன்னாராம். உள்ளேயிருந்து சத்தம் வெளியே கேட்டது. "டென்ஷனா? என் மண்டைக்குள்ள நடக்கிறது எனக்குத் தெரியாதாய்யா?"

நான் பதினேழை உள்ளே அனுப்பினேன்.

மறுநாள், நோயாளிகள் எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "கதவச் சாத்து. உக்காரு." நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மெத்தை கொஞ்சம் கிழிந்திருந்தது.

"ஒரு தடவ சொன்னியே, ஷாக் அடிக்கிற மாதிரின்னு. அது எப்படிடா இருந்துச்சு?"

சொன்னேன். பிளக், கண், காணாமல் போகிற நொடி. அவர் குறுக்கே பேசவில்லை. எந்த எண்ணின் கதையையும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

"அதேதான்," என்றார். "அப்படியேதான் இருக்கு. அன்னிக்கு நான் உன்னை நம்பியிருக்கணும்டா. எனக்கு எதனால வருதுன்னுதான் புரியல." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இதோட வண்டி ஓட்டலாமா? நீ ஓட்டினியா?"

நான் காத்திருந்தது இதற்குத்தான். ஒருவர், ஒரே ஒருவர், நான் சொல்வது உண்மை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டார். கேள்விக்குப் பதிலும் எனக்குத் தெரியும். பஸ்ஸில் போங்க சார். மூன்றே வார்த்தை.

தொண்டையைச் செருமினேன். "எல்லாம் மனசு. மனசக் கொஞ்சம் தைரியமா வெச்சுக்குங்க."

குரல் அவ்வளவு கச்சிதமாக அதற்கு முன் வந்ததே இல்லை. டாக்டர் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "என்னை மாதிரியே பேசுறடா," என்று சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

சிக்னல் இல்லாத திருப்பம். லாரி வலதுபக்கத்திலிருந்து வந்தது.

அவர் வீட்டு வாசலில் பதினாலு, இருபத்திரண்டு, ஒன்பது எல்லோரும் நின்றிருந்தார்கள். ஒருவருக்கொருவர் பெயர் தெரியாமலே சேர்ந்து அழுதார்கள். மகள் விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கியபோது இன்னும் பலமாக அழுதார்கள். ரிசப்ஷன் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "உனக்குக் கல்லாடா நெஞ்சு?"

நான் எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். படுக்கையிலிருந்து எழுப்பியது, வேலை கொடுத்தது, கைக்குட்டை, கழற்றி வைத்த கண்ணாடி. நெஞ்சுவரை வந்தது. நின்றுகொண்டே இருந்தேன். கடிகாரத்தை மட்டும் பார்க்கவில்லை.

யாரும் சந்தேகப்பட்டு என்னைப் பிடிக்கவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். என்னை நம்பிய ஒரே ஆள் போய்விட்டார். காபியில் மாத்திரை போட்டதும் நான், நிறுத்தியதும் நான், தெரிந்தே சாவியை எடுக்கவிட்டதும் நான். ஷாக் உண்மை என்று எங்காவது பதிவாக வேண்டும் இல்லையா?

நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. ஏறக்குறைய ஒரு வருடமாக நான் ஒரு மாத்திரைகூட வாயில் போடவில்லை, பிறகு ஏன் அழுகை வரவில்லை என்கிறீர்கள். இதெல்லாம் உடம்பில் தங்கும் சார், இறங்க நாளாகும். அம்மா வெளியே பெஞ்சில் இருக்கிறார் என்றீர்கள். கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கள். எனக்கு அழுகை வந்ததும் நானே கூப்பிடுகிறேன்.